ஐபிஎம் ஐ கணினியில் லாக் மோதல்: யாரிடம் இருக்கிறது, எப்படி விடுவிப்பது

ஐபிஎம் நிறுவனத்தின் வணிகக் கணினிகளுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் ஐபிஎம் ஐ. அதன் சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வருபவருக்குச் சீக்கிரமே வந்து சேரும் பிரச்சினை இது. ராத்திரி ஓட வேண்டிய ஜாப் (சிஸ்டம் ஓட்டும் ஒரு வேலை) பாதியில் நிற்கிறது. ஃபைலை ஒதுக்க முடியவில்லை என்றோ, ரெக்கார்டு வேறொரு ஜாப்பிடம் இருக்கிறது என்றோ மெசேஜ் வந்திருக்கிறது. காலையில் கிடங்கு திறப்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பலரும் கண்ணில் பட்ட ஜாப்பை நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஜாப் பிடித்து வைத்திருந்த பூட்டு, அதாவது லாக், விடுபட்டுவிடும், உண்மைதான். ஆனால் நிறுத்தப்பட்ட ஜாப் அந்த நேரத்தில் ஒரு ஆர்டரை எழுதிக்கொண்டிருந்தால், ஹெட்டர் ஒரு ஃபைலில் இருக்கும், அதன் லைன்கள் இன்னொரு ஃபைலில் இருக்காது. அதைத் தேடிச் சரிசெய்வது, ஜாப் தாமதமானதைவிடப் பெரிய தலைவலி.

இந்த சிஸ்டத்தில் உரிமையாளர் தெரியாத லாக் என்று ஒன்று கிடையாது. எந்த ஜாப் பிடித்திருக்கிறது, எந்த நிலையில் பிடித்திருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள் என்று மூன்றையும் கேட்டால் சொல்லிவிடும். அதனால் முதலில் கேளுங்கள், பிறகு கை வையுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகும்.

1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38, 1988 ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்ட ஏஎஸ்/400, 2008 முதல் ஐபிஎம் ஐ என்று பெயர் மாறி வந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இங்கே எல்லாமே ஆப்ஜெக்ட்: ஃபைல், புரோகிராம், டேட்டா ஏரியா, யூசர் புரொஃபைல் எல்லாம். டேட்டாபேஸும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே லாக் பார்ப்பதற்கு டேட்டாபேஸுக்கென்று தனிக் கருவி தேட வேண்டியதில்லை. பச்சைத் திரையில் (எழுத்து மட்டுமே வரும் 5250 டெர்மினல் திரை) இருக்கும் கட்டளைகளே போதும்.

கட்டளைகளை எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. படிக்க வசதியாக நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது கோடு இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் சேர்த்து அடியுங்கள். முதல் துண்டு வினை: டபிள்யூஆர்கே என்றால் வொர்க், டிஎஸ்பி என்றால் டிஸ்ப்ளே. பெயரை மட்டும் அடித்து எஃப்4 அழுத்தினால் பாராமீட்டர்கள் எல்லாம் திரையில் வரும், மனப்பாடம் தேவையில்லை.

முதலில் மெசேஜைப் படியுங்கள்

லாக் இரண்டு மட்டத்தில் நடக்கிறது. ஒன்று ஆப்ஜெக்ட் மட்டம்: ஃபைல் அல்லது அதன் மெம்பர் (ஃபைலுக்குள் டேட்டா இருக்கும் பகுதி) முழுவதும். மற்றொன்று ரெக்கார்டு மட்டம்: ஒரு ஃபைலுக்குள் ஒரே ஒரு வரி. இரண்டுக்கும் பார்க்கும் கட்டளை வேறு, காத்திருக்கும் நேரம் வேறு, தீர்வும் வேறு. எதில் மாட்டியிருக்கிறோம் என்பதை மெசேஜ் எண்ணே சொல்லிவிடும்.

சிபிஎஃப்4128 வந்தால் புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே தோற்றுவிட்டது. சிபிஎஃப்1002 என்றால் ஆப்ஜெக்டைக் கேட்டுக் கிடைக்கவில்லை. சிபிஎஃப்3130 என்றால் மெம்பர் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, உதாரணமாக ஃபைலைக் காலி செய்யப் போனபோது. இவை மூன்றும் ஆப்ஜெக்ட் மட்டம். சிபிஎஃப்5027 வந்தால் ரெக்கார்டு மட்டம். இதில் பெரிய உதவி என்னவென்றால், ரெக்கார்டைப் பிடித்திருக்கும் ஜாப்பின் முழுப் பெயர் அந்த மெசேஜுக்குள்ளேயே இருக்கும். ஜாப் லாகில் (ஜாப்பில் நடந்தவற்றின் பதிவேடு) அந்த வரியின் மேல் கர்சரை வைத்து எஃப்1 அழுத்தி முழுதும் படியுங்கள். பாதிப் பிரச்சினையின் விடை அங்கேயே கிடைத்துவிடும். எஸ்கியூஎல் வழியாக வந்த ஜாப் என்றால் எஸ்கியூஎல்0913 என்று தெரியும். அதற்கு மேலே உள்ள வரிகளையும் பாருங்கள்.

ஜாப்பின் முழுப் பெயர் என்றால் ஆறு இலக்க எண், யூசர், ஜாப் பெயர் மூன்றும் சேர்ந்தது. ஒரே பெயரில் பல ஜாப்கள் ஓடும், எண்தான் வேறுபடுத்தும். எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் தொடாதீர்கள்.

லாக் நிலைகள்

ஆப்ஜெக்ட் லாக்கில் ஐந்து நிலைகள் உண்டு. *எக்ஸ்குளூசிவ்* என்றால் வேறு யாருக்கும் எதுவும் கிடையாது. திரையில் இது நட்சத்திரக் குறியோடு இஎக்ஸ்சிஎல் என்று தெரியும். அதன் பின்னால் ஆர்டி சேர்ந்தால், நான் வைத்திருக்கிறேன், மற்றவர்கள் படிக்க மட்டும் பகிரலாம் என்று பொருள். எஸ்எச்ஆர் என்று தொடங்குபவை மூன்று. எஸ்எச்ஆர்-ஆர்டி படிப்பதற்கான பகிர்வு. முழு எக்ஸ்குளூசிவைத் தவிர எதனோடும் ஒத்துப்போகும். எஸ்எச்ஆர்-யூபிடி மாற்றுவதற்கான பகிர்வு. எஸ்எச்ஆர்-என்யூபி என்பது படிக்கலாம், ஆனால் யாரும் மாற்றக்கூடாது என்ற நிலை.

அன்றாட வேலையில் ஒரு புரோகிராம் படிக்கத் திறந்தால் எஸ்எச்ஆர்-ஆர்டி, மாற்றத் திறந்தால் எஸ்எச்ஆர்-யூபிடி. இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாது. நூறு பேர் ஒரே ஸ்டாக் ஃபைலில் வேலை செய்வது இதனால்தான் சாத்தியமாகிறது. மூன்றாவது ஆள் ஒருவர் உள்ளே வந்து ஃபைலைக் காலி செய்ய, மறுசீரமைக்க, அமைப்பை மாற்ற அல்லது பேக்கப் எடுக்க முயலும்போதுதான் மோதல். அந்த வேலைகளுக்கு இந்த இரண்டு பகிர்வும் போதாது.

யார் பிடித்திருக்கிறார்கள்

ப்ராட்லிப் என்ற லைப்ரரியில் (ஆப்ஜெக்டுகளை வைக்கும் இடம்) ஸ்டாக்எம் என்ற ஃபைல் என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூஆர்கே-ஏசிடி-ஜேஓபி அடித்து, நின்றிருக்கும் ஜாப்பின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். எல்சிகேடபிள்யூ என்றால் இன்னும் லாக்குக்காகக் காத்திருக்கிறது. தானாகவே கிடைத்துவிடவும் கூடும். எம்எஸ்ஜிடபிள்யூ என்றால் காத்திருக்கும் நேரம் தீர்ந்து, பிழை விழுந்து, உங்கள் பதிலுக்காக நிற்கிறது. ஆப்ஷன் 7 போட்டால் அந்த மெசேஜ் வரும். பதில் இப்போதே கொடுக்க வேண்டாம், படித்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஆப்ஜெக்ட் மட்டம் என்றால் டபிள்யூஆர்கே-ஓபிஜே-எல்சிகே. ஆப்ஜெக்ட் பெயர், லைப்ரரி, வகை ஃபைல் என்று கொடுங்கள். வரும் திரையில் ஜாப், யூசர், லாக் நிலை, ஸ்டேட்டஸ் என்று வரிசையாக இருக்கும். ஸ்டேட்டஸில் ஹெல்ட் என்றிருப்பவர் வைத்திருப்பவர், வெயிட் என்றிருப்பவர் காத்திருப்பவர். புதியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைத் தவறவிடுவார்கள்: இந்த முதல் திரை ஃபைலின் மேலான லாக்குகளை மட்டுமே காட்டும். டேட்டா இருப்பது மெம்பரில். எஃப்6 அழுத்தினால்தான் மெம்பர் லாக்குகள் வரும். முதல் திரையில் சாதுவான எஸ்எச்ஆர்-ஆர்டி மட்டும் தெரிந்து, எஃப்6-க்குப் பின்னால் எஸ்எச்ஆர்-யூபிடி வரிசைகட்டி நிற்பது சாதாரணம்.

ரெக்கார்டு மட்டம் என்றால் டிஎஸ்பி-ஆர்சிடி-எல்சிகே. ஃபைல் பெயர் கொடுத்தால் ரெக்கார்டு எண், பிடித்திருக்கும் ஜாப், காத்திருக்கும் ஜாப், லாக் வகை எல்லாம் வரும். ரெக்கார்டு எண் 4127-இல் ஒரு ஜாப் ஹெல்ட், உங்கள் ராத்திரி ஜாப் வெயிட் என்று அடுத்தடுத்த வரியில் பார்த்துவிட்டால் வழக்கு முடிந்த மாதிரிதான்.

கிடைத்த ஜாப்பின் மேல் ஆப்ஷன் 5 போட்டு உள்ளே போங்கள். 10 ஜாப் லாக் (பூட்டு அல்ல, பதிவேடு), 11 கால் ஸ்டாக், 12 லாக்குகள், 14 திறந்திருக்கும் ஃபைல்கள். இதில் 11-ஐத் தவறாமல் பாருங்கள். கால் ஸ்டாக்கின் அடியில் எந்தப் புரோகிராம் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும். ஆர்டர் என்ட்ரி புரோகிராம் ஒரு திரையைக் காட்டிவிட்டு உள்ளீட்டுக்காக நிற்கிறதென்றால், யாரோ ரெக்கார்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

பிடித்திருக்கும் ஜாப்பின் பெயர் க்யூஇசட்டிஏஎஸ்ஓஐஎன்ஐடி என்றும் யூசர் க்யூயூசர் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். அது ஓடிபிசி அல்லது ஜேடிபிசி வழியாக வெளியிலிருந்து வந்த இணைப்பு. உண்மையான யூசர் யார் என்பது அதன் ஜாப் லாகில் இருக்கும், எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தார் என்பதும் சேர்த்து. யாரோ ஒருவரின் எக்செல் ஷீட்டோ, மறந்துபோன ஒரு ரிப்போர்ட் கருவியோ ராத்திரி ஜாப்பை நிறுத்தியிருக்கலாம்.

எஸ்கியூஎல் பழக்கம் உள்ளவர்கள் க்யூஎஸ்ஒய்எஸ்2 லைப்ரரியில் ஆப்ஜெக்ட் லாக் இன்ஃபோ, ரெக்கார்டு லாக் இன்ஃபோ என்ற இரண்டு வியூக்களைப் பயன்படுத்தலாம். ஒரே கேள்வியில் பல ஃபைல்களைப் பார்க்கவும், இரவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்து வைக்கவும் இது வசதி. திரும்பத் திரும்ப வரும் மோதலைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

விடுவிப்பது

பிடித்திருப்பவர் மனிதர் என்றால் முதல் கருவி போன். எஃப்3 அழுத்தி வெளியே வரச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் அவருடைய சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். ஜாப்பை நிறுத்தும் முடிவு அந்த டேட்டாவுக்குப் பொறுப்பானவரிடமிருந்து வர வேண்டும்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், கமிட்மென்ட் கன்ட்ரோலில் (பல மாற்றங்களை ஒரு தொகுப்பாக வைத்து, மொத்தமாக உறுதி செய்யும் அல்லது திரும்பப் பெறும் முறை) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடுகிறதென்றால் கமிட் ஆகாத மாற்றங்கள் திரும்பப் பெறப்படும், டேட்டா சுத்தமாக இருக்கும். ஆனால் லட்சக்கணக்கான ரெக்கார்டுகளை மாற்றிய பேட்ச் ஜாப் (திரையில்லாமல் பின்னணியில் ஓடும் ஜாப்) என்றால் ரோல்பேக்கே, அதாவது அப்படித் திரும்பப் பெறுவதே, நெடுநேரம் ஓடும். கமிட்மென்ட் கன்ட்ரோல் இல்லையென்றால் எழுதியது எழுதியபடியே நிற்கும். பாதி ஆர்டர் வருவது இப்படித்தான். ஈஎன்டி-ஜேஓபி கட்டளையில் முதலில் கன்ட்ரோல்டு ஆப்ஷன் (ஜாப் தானே முடித்துக்கொள்ள நேரம் தருவது) கொடுங்கள், இமீடியட் அதற்குப் பிறகு. ஈஎன்டி-ஜேஓபி-ஏபிஎன் என்று ஒன்று உண்டு. இமீடியட் கொடுத்துப் பத்து நிமிடம் கழிந்தால்தான் சிஸ்டம் அதை அனுமதிக்கும். அதைத் தொட்டால் அடுத்த ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குவது) அசாதாரணமானது என்று பதிவாகும். புதியவர் தன் முடிவில் அதைச் செய்ய வேண்டாம்.

லாக் விடுபட்ட பிறகு, எம்எஸ்ஜிடபிள்யூ-வில் நிற்கும் உங்கள் ஜாப்புக்குத் திரும்புங்கள். ஆர்பிஜி (இந்த சிஸ்டத்தில் பரவலான நிரல் மொழி) புரோகிராம் என்றால் ரெக்கார்டு லாக்குக்கு வரும் கேள்வி ஆர்என்க்யூ1218. அதற்கு ஆர் என்று பதில் கொடுத்தால் அதே ரெக்கார்டை மீண்டும் முயன்று, விட்ட இடத்திலிருந்து ஜாப் தொடரும். சி கொடுத்தால் ரத்து. பதற்றத்தில் சி கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினால், ஏற்கெனவே கழித்த ஸ்டாக்கை இரண்டாம் முறை கழிக்கும் புரோகிராம்களும் உண்டு. முதலில் லாக்கை விடுவியுங்கள், அப்புறம் ஆர். இந்த வரிசை முக்கியம்.

டிஸ்கனெக்ட் செய்தால் விடுமா?

விடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பல இடங்களில் செயலற்ற திரைகளைத் தானாக மூடுகிறோம், அதனால் லாக் பிரச்சினை வராது என்று நம்புகிறார்கள். க்யூஐஎன்ஏசிடி-ஐடிவி என்ற சிஸ்டம் வேல்யூ எத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம் என்று சொல்கிறது. அதன் பிறகு என்ன செய்வது என்பதை க்யூஐஎன்ஏசிடி-எம்எஸ்ஜிக்யூ சொல்கிறது. அதில் ஜாப்பை முடி என்றிருந்தால் லாக் போய்விடும். டிஸ்கனெக்ட் செய் என்றிருந்தால் திரையில் சைன் ஆன் வந்துவிடும், ஆனால் ஜாப் உள்ளே உயிரோடு இருக்கும், ரெக்கார்டும் அதன் கையிலேயே இருக்கும். டிஸ்கனெக்ட் ஆன ஜாப் எவ்வளவு நேரம் அப்படி இருக்கலாம் என்பது க்யூடிஎஸ்சி-ஜேஓபி-ஐடிவி. வந்தபடி விட்டிருந்தால் 240 நிமிடம். நாலு மணி நேரம். மாலை ஆறு மணிக்கு டிஸ்கனெக்ட் ஆன ஜாப், இரவு எட்டு மணி பேட்ச் வேலையின் வழியில் அப்படியே நிற்கும்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாமா?

ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு காத்திருப்பு நேரம் உண்டு. வெயிட் ஃபைல், திறக்கும்போது காத்திருப்பது. ஃபைலை உருவாக்கும்போது வேறெதுவும் சொல்லாவிட்டால் 30 வினாடி. வெயிட் ரெக்கார்டு, ஒரு ரெக்கார்டுக்காகக் காத்திருப்பது, 60 வினாடி. சிஎச்ஜி-பிஎஃப் கட்டளையால் நிரந்தரமாக மாற்றலாம், ஒரு ஜாப்புக்கு மட்டும் என்றால் ஓவிஆர்-டிபிஎஃப்.

பேட்ச் ஜாப்புக்கு ஓவிஆர்-டிபிஎஃப் மூலம் 120, 180 வினாடி என்று கூட்டுவதில் தவறில்லை. சின்ன மோதல்கள் அதில் கரைந்துபோகும். நோமேக்ஸ் மட்டும் வேண்டாம். அது 32767 வினாடி, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். ஜாப் பிழையே காட்டாமல் எல்சிகேடபிள்யூ-வில் உட்கார்ந்திருக்கும், காலையில் வந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. திரையில் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் புரோகிராமுக்கோ நேரத்தைக் குறைப்பதுதான் நல்லது. ஒரு நிமிடம் உறைந்த திரையைப் பார்ப்பதைவிட, இந்த ரெக்கார்டு இன்னாரிடம் இருக்கிறது என்று ஐந்து வினாடியில் தெரிந்தால் அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

புரோகிராமில் சரிசெய்வது

நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் இங்கேதான். ஆர்பிஜி-யில் ஒரு ஃபைலை அப்டேட்டுக்கு என்று அறிவித்துவிட்டால், செயின் (கீ கொடுத்து ஒரு ரெக்கார்டைத் தேடிப் படிப்பது) செய்தாலும் ரீட் செய்தாலும் அந்த ரெக்கார்டு லாக் ஆகும். அப்டேட், டெலீட், அன்லாக் செய்யும்வரை அல்லது அதே ஃபைலில் அடுத்த ரெக்கார்டைப் படிக்கும்வரை விடாது. புரோகிராம் ரெக்கார்டைப் படித்து, திரையில் காட்டி, யூசர் என்டர் தட்டும்வரை நின்றால், அந்த நேரம் முழுக்க லாக் நிற்கும். யூசர் சாப்பிடப் போனால் சாப்பிட்டு வரும்வரை.

திருத்தம் இப்படி. திரையில் காட்டுவதற்குப் படிக்கும்போது செயினோடு அடைப்புக்குறிக்குள் என் என்ற எழுத்தைச் சேர்த்து லாக் இல்லாமல் படியுங்கள். அந்த மதிப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யூசர் என்டர் தட்டிய பிறகு, இப்போது லாக்கோடு மறுபடி செயின் செய்து, இடையில் வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் உடனே அப்டேட். மாறியிருந்தால் அன்லாக் செய்துவிட்டு, புதிய மதிப்பைக் காட்டி யூசரிடம் கேளுங்கள். லாக் நிற்கும் நேரம் நிமிடங்களிலிருந்து கண்சிமிட்டும் நேரத்துக்கு இறங்கிவிடும். ஒப்பிடும் படியை விட்டுவிட்டால் ஒருவர் போட்ட மாற்றத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் அழித்துவிடுவார். அதைவிட லாக் மோதலே மேல்.

செயினோடு ஈ-யும் சேர்த்து, பிழை வந்தால் ஸ்டேட்டஸ் 1218-தானா என்று பார்த்து, உங்கள் மொழியில் ஒரு மெசேஜ் காட்டுங்கள். ஆர்என்க்யூ1218 கேள்வி ஒரு குமாஸ்தாவின் திரையில் வந்து நிற்கவே கூடாது.

கமிட்மென்ட் கன்ட்ரோலில் ஓடும் புரோகிராமுக்கு ஒரு எச்சரிக்கை: மாற்றிய ரெக்கார்டு, கமிட் அல்லது ரோல்பேக் வரும்வரை லாக்கிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கில் மாற்றும் பேட்ச் புரோகிராம் கடைசியில் ஒரே ஒரு கமிட் போட்டால், அதுவரை அத்தனை ரெக்கார்டும் மற்றவர்களுக்கு மூடியிருக்கும். ஒரு ஆர்டர் முடிந்தவுடன் ஒரு கமிட் என்று தொழில்முறையில் அர்த்தமுள்ள இடத்தில் போடுங்கள்.

இரண்டு ஃபைல்களை மாற்றும் புரோகிராம்கள் எல்லாம் ஒரே வரிசையில் மாற்ற வேண்டும். ஒன்று கஸ்டமரைப் பிடித்துக்கொண்டு ஸ்டாக்கைக் கேட்க, இன்னொன்று ஸ்டாக்கைப் பிடித்துக்கொண்டு கஸ்டமரைக் கேட்டால், இருவரில் ஒருவரின் காத்திருப்பு நேரம் தீரும்வரை இருவரும் நிற்பார்கள். எந்த வரிசை என்பது பெரிதல்ல, எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதுதான் தேவை.

பேட்ச் ஜாப்களுக்குள் மோதல்

இரண்டு பேட்ச் ஜாப்கள் ஒன்றையொன்று தடுக்கின்றன என்றால் எளிய வழி ஜாப் க்யூ, அதாவது ஜாப்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் வரிசை. இரண்டையும் ஒரே க்யூவில் போட்டு, சப்சிஸ்டத்தில் (ஜாப்கள் ஓடும் சூழல்) அந்த க்யூவுக்கு மேக்ஸ் ஆக்டிவ் 1 என்று வையுங்கள். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். இதற்கு ஒரு வரி கோடு கூட எழுத வேண்டியதில்லை. டிஎஸ்பி-எஸ்பிஎஸ்டி கட்டளையில் ஆப்ஷன் 6 போட்டால் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அது போதாத இடத்தில் ஏஎல்சி-ஓபிஜே. சிஎல் புரோகிராமின் (இந்தக் கட்டளைகளை வைத்து எழுதும் புரோகிராம்) தொடக்கத்திலேயே தேவையான ஃபைல்களை எல்லாம் ஒரே கட்டளையில் கேளுங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் எதையும் எடுக்காது என்பதுதான் இதன் அருமை, பாதி வேலைக்குள் போய் மாட்ட மாட்டீர்கள். அடுத்த வரியில் எம்ஓஎன்-எம்எஸ்ஜி வைத்து சிபிஎஃப்1002-ஐப் பிடித்து, ஆபரேட்டருக்குத் தெளிவான செய்தி அனுப்பி முடித்துக்கொள்ளுங்கள். கான்ஃப்ளிக்ட் என்ற பாராமீட்டரில் ஆர்க்யூஎஸ்-ஆர்எல்எஸ் கொடுத்தால், பிடித்திருக்கும் ஜாப்களிடம் விடும்படி சிஸ்டமே கேட்கும். எஸ்கியூஎல் ஜாப்கள் தங்கள் கர்சரை (திரையில் உள்ளதல்ல, டேட்டாவைப் படிக்கத் திறந்து வைக்கும் வழி) மூடியும் மூடாமலும் வைத்திருக்கும் நிலையில் இது நன்றாக உதவும். எத்தனை முறை ஏஎல்சி-ஓபிஜே செய்தீர்களோ அத்தனை முறை டிஎல்சி-ஓபிஜே செய்தால்தான் முழுதாக விடும். இல்லாவிட்டால் ஜாப் முடியும்வரை நிற்கும்.

பேக்கப்போடு மோதல் வந்தால், வழக்கமான சேவ் அப்டேட்டுக்குத் திறந்திருக்கும் ஃபைலை விட்டுவிட்டுப் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். சேவ் ஆக்டிவ் பாராமீட்டர் கொடுத்தால் திறந்திருக்கும்போதே எடுக்கலாம். அதற்கான லாக் காத்திருப்பு 120 வினாடியாக வரும்.

கையால் செய்து பாருங்கள்

டெஸ்ட் மெஷினில் உங்கள் சொந்த லைப்ரரியில் ஒரு சின்ன ஃபைலை உருவாக்குங்கள். க்யூடெம்ப் வேண்டாம், அது ஒவ்வொரு ஜாப்புக்கும் தனி, இரண்டாவது ஜாப்புக்குத் தெரியாது. இரண்டு 5250 ஜன்னல் திறந்து, ஒன்றில் அந்த ஃபைலுக்கு ஏஎல்சி-ஓபிஜே எக்ஸ்குளூசிவ் கொடுங்கள். மற்றொன்றில் ஃபைலைக் காலி செய்யும் சிஎல்ஆர்-பிஎஃப்எம் அடித்து அது காத்திருப்பதைப் பாருங்கள். அது காத்திருக்கும்போதே முதல் ஜன்னலில் டபிள்யூஆர்கே-ஓபிஜே-எல்சிகே திறந்து ஹெல்ட், வெயிட் இரண்டையும் கண்டுபிடியுங்கள், எஃப்6 அழுத்திப் பாருங்கள். பிறகு டிஎல்சி-ஓபிஜே. அடுத்து ஒரு ஜன்னலில் யூபிடி-டிடிஏ மூலம் ஒரு ரெக்கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்றொன்றில் அதே ரெக்கார்டைத் திறக்கப் பாருங்கள். அது காத்திருக்கும்போதே மூன்றாவது ஜன்னலில் டிஎஸ்பி-ஆர்சிடி-எல்சிகே அடித்தால், திரையில் உங்கள் இரண்டு ஜாப் எண்களும் தெரிய வேண்டும்.